ஐந்து புள்ளி வரை இயற்கை

அவளுடைய மானிட்டரில் ஒரு புள்ளி செத்துப்போயிருந்தது. திரையின் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக, கடுகை நாலாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு துண்டின் அளவில், கறுப்பாக. சினிமா பார்க்கிறவர்களுக்கு அது கதாநாயகியின் கன்னத்து மச்சமாக ஒரு நொடி இருந்துவிட்டுப் போகும். அவள் பார்த்தது சினிமா அல்ல, மருந்து லேபிள்.

அச்சுக்குப் போகும் முன் லேபிள்களை வீட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு லேபிள். 'நாளொன்றுக்கு 25 மில்லி' என்ற வரியில் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே அந்தச் செத்த புள்ளி போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. 'தசமப் புள்ளி தவறு' என்று எழுதி அனுப்பினாள். அச்சு நின்றது. அடுத்த லேபிளைத் திறந்தபோதும் புள்ளி அதே இடத்தில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் அது திரையின் புள்ளி என்று தெரிந்தது. ஒரு மாதம் கழித்து வேறோர் இடத்தில் இன்னொரு புள்ளி செத்தது. அதுவும் சொல்லிக்கொண்டு சாகவில்லை. அச்சு மறுபடி நின்றது.

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர் எழுதினார்: 'இல்லாத பிழையைக் கண்டுபிடிப்பதற்கு எங்கள் பிரிவிலேயே போதிய ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது முறை நடந்தால் உங்கள் ஒப்பந்தம் ரத்து.'

அடுத்த தொகுப்பு திங்கட்கிழமை காலை வருகிறது. சனிக்கிழமை அவள் புது மானிட்டர் வாங்கக் கிளம்பினாள். செருப்பைப் போடும்போது அக்கா போன் செய்தாள்.

"தனியாப் போகாதடி. மாமாவைக் கூட்டிட்டுப் போ."

"வேண்டாங்க்கா. நானே பார்த்துக்கறேன்."

"வேண்டாம்னா நீயே அவர்கிட்ட சொல்லு. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு உன் தெருவுக்கே வந்துட்டாராம்."

அக்காவின் கணவருக்குக் குடும்பத்தில் 'கமிட்டி' என்று பெயர். ஆள் ஒருவர்தான். ஆனால் எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும், "நாங்க பரிசீலிச்ச வரைக்கும்" என்றுதான் ஆரம்பிப்பார். ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது உள்ளே டார்ச்சை எரியவிட்டுக் கதவை மூடி, வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பதற்காகக் கடையின் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னவர். மெத்தைக் கடையில் நாற்பது நிமிடம் தூங்கி எழுந்து, "தூக்கம் வருது, ஆனா ஆழம் பத்தலை" என்று தீர்ப்பு சொன்னவர். இந்தப் பரிசீலனைகளால் அவர் வீட்டுக்கு இதுவரை எந்த நல்ல பொருளும் வந்ததில்லை. கெட்ட பொருளும் வந்ததில்லை. ஃபிரிட்ஜே வரவில்லை.

பஸ்ஸில் கமிட்டி பையைத் திறந்து காட்டினார். பூதக்கண்ணாடி, டார்ச், மெல்லிய துணி ஒன்று, போர்வை அளவில் கனமான கறுப்புத் துணி ஒன்று. கடைசியாகச் சிவப்பு நூலில் கட்டிய பென்டிரைவை எடுத்து, வைரத் தோடு காட்டுவதுபோல் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இதுல ஆறு நிறம் இருக்கு. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல். திரை முழுக்க ஒரே நிறத்தை ஓடவிட்டா செத்த புள்ளி தப்பிக்க முடியாது. எல்லாம் ஆய்வகத் தரம்."

"எங்கேயிருந்து எடுத்தீங்க மாமா?"

"எடுக்கறதா? தயாரிச்சது. கண்டவன் நெட்ல போட்டதை நம்பி எவனாவது சோதனை பண்ணுவானா?"

"எப்படித் தயாரிச்சீங்க?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது பாப்பா" என்றார். பாப்பாவுக்கு வயது முப்பத்தாறு.

கடை நீளமாக இருந்தது. சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆரஞ்சு மீன் ஒரே திசையில் நீந்தியது. முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். கழுத்தில் டை, அதில் கடையின் முத்திரை.

"வாங்க. நாங்க மானிட்டர் விக்கறதில்லை மேடம். பார்வை விக்கறோம்."

"அப்ப மூணு பார்வையைப் பிரிச்சு மேசையில வைங்க. பரிசீலிக்கணும்" என்றார் கமிட்டி.

முதலாளி புன்னகை மாறாமல் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்ட அறிவிப்பு ஒன்று அங்கே இருந்தது: 'செயலிழந்த புள்ளிகள் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அது குறைபாடு அல்ல, இயற்கை. வாசலைத் தாண்டிய பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.'

"ஒரு திரையில இருபது லட்சம் புள்ளி இருக்கு சார். அதுல நாலு போனா யாரு துக்கம் விசாரிக்கப் போறாங்க?"

"என் வேலையில ஒண்ணு போனாலே எனக்குத் துக்கம் விசாரிக்க வந்துடுவாங்க" என்றாள் அவள். லேபிள் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். முதலாளி பெரிய மனது பண்ணினார். மூன்று பெட்டிகளைப் பிரித்து ஒரு தடவை சோதிக்கத் தருவார். பிரித்த மூன்றில் ஒன்றை அவள் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு புள்ளி, கமா எதற்கும் கடை பொறுப்பல்ல.

முதல் பெட்டி பிரிந்தது. திரையில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் காகிதத்தை முதலாளியே உரித்து எடுத்தார். அந்தச் சத்தம் மட்டும் கேட்க இனிமையாக இருந்தது. கமிட்டி பென்டிரைவைக் கடைக் கணினியில் செருகி வெள்ளையைத் திறந்தார். கறுப்புத் துணியைத் தன் தலையோடு சேர்த்து மானிட்டர்மேல் போர்த்திக்கொண்டார். வெளியே அவருடைய முதுகும் செருப்பும் மட்டும் மிஞ்சின.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வெள்ளை சுத்தமில்லை. கொஞ்சம் பழுப்படிக்குது."

"உலகத் தரம் சார் அது."

"இடது பக்கம் வெளிச்சம் அதிகம், வலது பக்கம் கம்மி. எழுதிக்கோ பாப்பா." செருப்பு ஓரடி இடப்பக்கம் நகர்ந்தது. "ஆகா. மாட்டிக்கிச்சு. இடது ஓரத்திலேருந்து ஒரு சாண், மேலேருந்து நாலு விரல். கறுப்புப் புள்ளி. ஒண்ணு."

வேர்த்த முகத்தோடு வெளியே வந்தார். முதலாளி உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். புள்ளி இருந்தது. "ஒண்ணுதான" என்றார். ஆனாலும் இரண்டாவது பெட்டியைப் பிரித்தார்.

இரண்டாவதிலும் இடது ஓரத்திலிருந்து ஒரு சாண், மேலிருந்து நாலு விரலில் புள்ளி இருந்தது.

மூன்றாவது பெட்டியைப் பிரிக்கும்போது முதலாளியின் டை கொஞ்சம் தளர்ந்திருந்தது. கமிட்டி துணிக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார். ஒரு சாண், நாலு விரல்.

"நாங்க பரிசீலிச்ச வரைக்கும்" என்று, துணியைத் தோளில் சால்வைபோல் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார், "இது தனித்தனிப் பிழை இல்லை. ஃபாக்டரியில ஒரே மெஷின். அந்த மெஷின்ல ஒரே ஊசி. அந்த ஊசி சரியா ஒரு சாண் தள்ளி எல்லாத் திரையையும் குத்திக்கிட்டே போகுது. உங்ககிட்ட எத்தனை பெட்டி இருக்கு?"

"நாப்பது."

"நாப்பதும் போச்சு."

முதலாளி உடனே மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். பிரின்டர் மை வாங்க வந்து நின்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படியாகவே பேசினார். "என் இருபது வருஷ அனுபவத்துல சொல்றேன், சரக்கு மொத்தமும் குறை. என் கண்ணுக்குத் தப்பாது. நானே கண்டுபிடிச்சேன்." கமிட்டி இருமினார். முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரமும் அவளை யாரும் திரைப் பக்கம் விடவில்லை. துணிக்குள் ஒரு தலைக்குத்தான் இடம். சும்மா நிற்பானேன் என்று, மேசையில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துச் சுவரிலிருந்த ஒரு மானிட்டரில் வைத்துப் பார்த்தாள். ஆரஞ்சு மீனின் வயிறு வெள்ளை. கண்ணாடிக்குள் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம். சிவப்பு, பச்சை, நீலம். நெருக்கி அடுக்கிய தீக்குச்சிகள்போல் மூன்று நிறக் கோடுகள் வரிசை வரிசையாக நின்றன. கண்ணாடியைக் கொஞ்சம் பின்னால் இழுத்ததும் அவை ஒன்றையொன்று விழுங்கி வெண்மையாயின. மீன் நகர்ந்தது. ஆரஞ்சு வந்தபோது நீலக் கோடுகள் அணைந்து, சிவப்பு மட்டும் முழுதாக எரிய, பச்சை பாதி மங்கி நின்றது. பதினைந்து வருடமாக இப்படி ஒன்றின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாளும் கிட்டே போய் 'நீ யார்' என்று கேட்டதில்லை.

"சார், இதைப் பார்த்திருக்கீங்களா? வெள்ளைக்குள்ள வெள்ளையே இல்லை."

போனை வைத்துவிட்டு வந்த முதலாளி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. "அட" என்றார். பிறகு தான் பார்வை விற்கிறவர் என்பது நினைவுக்கு வந்ததுபோல், "தெரியும், தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவளுக்கு இப்போது அந்தப் புள்ளியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கோடு அணைந்திருக்குமா, மூன்றுமா? தவிர, வேறொன்றும் உறுத்தியது.

"மாமா, எங்க வேலையில மூணு லேபிள்ல ஒரே இடத்துல ஒரே பிழை வந்தா, அச்சு மெஷினைப் பார்க்க மாட்டோம். மூலத்தைப் பார்ப்போம்."

"இது மூலம் இல்லை பாப்பா, மெஷின். இப்பத்தான சொன்னேன், ஊசின்னு."

அவள் பூதக்கண்ணாடியைப் புள்ளிமேல் வைத்தாள். எல்லாக் கோடுகளும் எரிந்துகொண்டிருந்தன, மங்கலாக. செத்த புள்ளி எரியாதே. மவுஸைப் பிடித்துப் படத்தை நாலு விரல் வலப்பக்கம் நகர்த்தினாள்.

புள்ளி கூடவே வந்தது.

இடப்பக்கம் நகர்த்தினாள். நாய்க்குட்டிபோல் பின்னாலேயே வந்தது. மூவரும் குனிந்தார்கள். படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி நீண்டது. இன்னும் பெரிதாக்கினாள். இடுப்பு ஒடுங்கியது. இன்னும் ஒரு முறை. ஆறு கால்கள் தெரிந்தன. முன்னால் இரண்டு மீசை.

"எறும்பு" என்றார் முதலாளி.

கடையில் மீன் நீந்துகிற சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

"எங்க படுக்கையறைச் சுவர்" என்றார் கமிட்டி கடைசியில். "போன வாரம்தான் பெயின்ட் அடிச்சோம். சுத்தமான வெள்ளை. அதான் போன்ல..."

"வலது பக்கம் வெளிச்சம் கம்மின்னீங்களே, மாமா?"

"ஜன்னல் இடது பக்கம்."

முதலாளி அடுத்த படத்தைத் திறந்தார். சிவப்பு. நூல் பின்னல் தெரிந்தது.

"இது?"

"வீட்ல போத்திக்கற போர்வை."

"பச்சை?"

"பக்கெட்."

"கறுப்பாவது ஆய்வகத்துல எடுத்ததா சார்?"

"கேமராவை உள்ளங்கையால பொத்திக்கிட்டேன்."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தார். மை வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். "சார், எங்க வாரண்டி எறும்புக்கு வராது!" முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு முட்டியது; ஆனால் மாமாவின் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் கடையோட நேர்மையைத்தான் சோதிச்சேன்" என்றார் கமிட்டி. அது அவருக்கே கேட்டிருக்காது.

சிரித்து முடித்ததும் முதலாளியின் டை மறுபடி நிமிர்ந்தது. முதல் மானிட்டரைப் பெட்டிக்குள் இறக்கி டேப்பை இழுத்தார். "ஆக, மூணும் சுத்தம்னு உங்க நிபுணரே நிரூபிச்சிட்டார். இதை எடுத்துக்கோங்க மேடம். பில் போடறேன்."

"சார், இன்னும் யாருமே திரையைப் பார்க்கலை. எல்லாரும் எறும்பைத்தான பார்த்தோம்."

"பாதி நாள் போயிடுச்சு மேடம். ஒரு சோதனைன்னு பேசினோம், ஒரு சோதனை ஆச்சு. பிரிச்ச மூணுல ஒண்ணு. அதுவும் பேசினதுதான்."

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். வாசலைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது அவளுடையது. அதில் ஒரு புள்ளி செத்திருந்தால் அவள் வேலையும் அவளுடையதல்ல. "அஞ்சு நிமிஷம் சார்" என்றாள். முதலாளி டேப்பைக் கிழித்து ஒட்டினார்.

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மொத்த வியாபாரியின் குரல் மேசைவரை கேட்டது. "நாப்பதும் குறைன்னீங்களே, போட்டோ அனுப்புங்க. ஒரு மணி நேரத்துல வரலைன்னா பொய்ப் புகார்னு பதிஞ்சுடுவேன். அப்புறம் உங்க கடைக்குப் புகார் பண்ற வசதியே கிடையாது."

போனை வைத்துவிட்டு முதலாளி எறும்பைப் பார்த்தார். எறும்பு திரை நிறைய நின்றுகொண்டிருந்தது. இதைப் படமெடுத்து அனுப்ப முடியாது. இருபது வருட அனுபவத்தில் கண்டுபிடித்தது இது என்றும் சொல்ல முடியாது.

இல்லாத பிழையைச் சொல்லிவிட்டவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்து வருகிறாள்.

"சார்" என்றாள் மெதுவாக. "மூணுலயும் தேடிப் பார்க்கறேன். நிஜமாவே ஏதாவது புள்ளி கெடைச்சா, நீங்க சொன்னது முழுப் பொய்யா ஆகாது. படம் எடுத்து அனுப்பலாம்."

முதலாளி ஒட்டிய டேப்பைத் தானே பிரித்தார்.

அவள் கடைக் கணினியில் படம் வரைகிற மென்பொருளைத் திறந்து, சுவர், போர்வை, பக்கெட் எதன் உதவியும் இல்லாமல் திரை முழுக்க வெள்ளையை ஊற்றினாள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம். லேபிள் பார்க்கிற மாதிரியே இடமிருந்து வலம், ஒரு விரல் அகலம் கீழே இறங்கி மறுபடி இடமிருந்து வலம். முதல் மானிட்டரில் ஒன்றும் இல்லை. கறுப்பை ஊற்றியபோது கடை விளக்குகள் எல்லாம் திரையில் வந்து நின்றன; அவளுடைய மூக்கும் வந்து நின்றது. கறுப்பைப் பார்க்க இருட்டு வேண்டும்.

மாமா கறுப்புத் துணியை நீட்டினார்.

உள்ளே போனாள். கண் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. கறுப்பும் கறுப்பாக இல்லை. ஓரங்களில் விடியற்காலைபோல் லேசான வெளிறல். கீழே, வலது மூலையை ஒட்டி, மின்வெட்டில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிவதுபோல் சிவப்பாக ஒரு பொட்டு. அணைய மறந்த புள்ளி.

"மாமா, உள்ள வாங்க. நீங்க சொன்னது சரிதான், துணி இல்லாம இது தெரியாது."

மாமா தலையை நுழைத்தார். "எங்க? எங்க?" என்று முதலாளியும் நுழைத்தார். வெளியே மூன்று முதுகுகளைப் பார்த்து மை வாங்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

"நகருதா பாரு" என்றார் மாமா. நகர்த்திப் பார்த்தாள். பொட்டு அசையவில்லை. "நிஜப் புள்ளி" என்று முதலாளி மூச்சு விட்டார். ஒரு குறையைக் கண்டு அந்தக் கடையில் யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மூன்றாவது மானிட்டர் வெள்ளையில் சுத்தமாகத் தெரிந்தது, பச்சையில் மாட்டிக்கொண்டது. நடுவில் ஒரு பச்சைக் கோடு எரியவில்லை. அவளுடைய தசமப் புள்ளிகள் வந்து நிற்கிற அதே இடத்தில். இரண்டாவதை ஐந்து நிறத்திலும், துணிக்குள்ளும் வெளியேயும், பூதக்கண்ணாடியோடும் இல்லாமலும் மூன்று முறை பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்க்கச் சொன்னாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றார். கமிட்டியின் வரலாற்றில் முதல் முறையாக ஒரு பொருள் தேறியது.

முதலாளி இரண்டு புள்ளிகளையும் படமெடுத்து, வட்டமிட்டு அனுப்பினார். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது. அவர் மனதுக்குள்தான் படித்தார். தோளுக்குப் பின்னாலிருந்து மாமா வாய்விட்டுப் படித்தார். "'ஒரு திரைக்கு ஒன்று. ஐந்துக்குக் குறைவு. இயற்கை.'"

"பிளாஸ்டிக் பை வேணுமா?" என்று கேட்டார் முதலாளி.

திங்கட்கிழமை காலை தொகுப்பு வந்தது. அறுபத்து மூன்றாவது லேபிள், ஒரு குழந்தை மருந்து. 'வேளைக்கு 1.0 மில்லி.' ஒப்புதல் தாளில் 10.

அவள் கை மவுஸ்மேல் நின்றது. இந்தத் திரையின் இந்த இடத்தை ஐந்து நிறத்தில் பார்த்தாயிற்று. ஆனால் பழைய திரையும் ஒருகாலத்தில் சுத்தமாகத்தான் இருந்தது. அதில் புள்ளிகள் சொல்லாமல்தான் செத்தன. சனிக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒன்று போயிருந்தால்? லேபிளை நகர்த்தினாள். புள்ளியும் கூடவே நகர்ந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி நகர்த்தினாள். அப்புறமும் உடனே எழுதவில்லை. இரண்டு முறை சூடுபட்ட விரல். எழுதாமல் விட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு குழந்தை மட்டும் காய்ச்சலோடு இன்னும் இரண்டு நாள் படுத்திருக்கும்.

'தசமப் புள்ளி தவறு' என்று எழுதி அனுப்பினாள்.

பதினொரு மணிவரை பதில் இல்லை. பதினொன்றரைக்கும் இல்லை. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாக் கிளைகளுக்கும் போன ஒரு மெயிலின் நகல் அவளுக்கும் வந்தது. 'நம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இடையறாத விழிப்பினால், மிகக் கடுமையன ஒரு பிழை அச்சுக்கு முன்பே கண்டறியப்பட்டது. இது நம் பிரிவின் கழுகுப் பார்வைக்குக் கிடைத்த வெற்றி.' கீழே பிரிவுத் தலைவரின் கையெழுத்து. அவள் பெயர் மேலே, கீழே எங்கும் இல்லை. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள், பழக்கதோஷம். 'கடுமையான' என்பதில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு ஒப்பந்தம் இல்லை.

இரண்டு நிமிடம் கழித்து அவளுக்கு மட்டும் ஒரு வரி வந்தது: 'அடுத்த தொகுப்பு இணைப்பில். 260 லேபிள். வியாழனுக்குள் வேண்டும்.'

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் லேபிளைத் திறந்தாள்.